கிறிஸ்தவம்: எது விசுவாசம், எது வழக்கம்?

மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மேலூர். இந்தப் பக்கத்து ஊர்களில் யாரிடமாவது "சர்ச் எங்கே?" என்று கேட்டால், "எந்தக் கோயில்? ஆர்.சி. கோயிலா, சி.எஸ்.ஐ. கோயிலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆர்.சி. கோயிலில் இருப்பவர் 'சாமியார்' அல்லது 'ஃபாதர்'. சி.எஸ்.ஐ. கோயிலில் இருப்பவர் 'ஐயர்' அல்லது 'பாஸ்டர்'. அங்கே நடப்பது பூசை, இங்கே நடப்பது ஆராதனை. அங்கே திருவிழாவில் சப்பரம் வரும், இங்கே பண்டிகையில் அசனம் போடுவார்கள். சாமியார் திருமணம் செய்வதில்லை. ஐயருக்கு மனைவி, பிள்ளைகள் இருப்பார்கள்.

இயேசு ஒருவர்தான், பைபிளும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் இத்தனை வேறுபாடு? கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள்? அவர்களுக்கு யார் தலைவர்? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 6.12 சதவீதம் பேர், அதாவது சுமார் 44 லட்சம் பேர், கிறிஸ்தவர்கள். பக்கத்து வீட்டிலும் பக்கத்து பெஞ்சிலும் இருப்பவர்களைப் பற்றிய கேள்விகள் இவை. ஆனாலும் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

இதற்குப் பதில் தேட ரோமாபுரிக்குப் போக வேண்டியதில்லை. 400 ஆண்டுகளுக்கு முன் மதுரையிலேயே இந்தக் கேள்விகளை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு குடுமி, ஒரு பூணூல், கொஞ்சம் சந்தனம். இவற்றைப் பற்றி முடிவு சொல்ல போப்பாண்டவரே தலையிட வேண்டியிருந்தது! அதைப் பார்ப்பதற்கு முன் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வோம்.

அடிப்படை நம்பிக்கைகள்

கிறிஸ்தவம் யூத மதத்திலிருந்து பிறந்தது. இயேசுவும் அவருடைய முதல் சீடர்களும் யூதர்கள். எல்லாக் கிறிஸ்தவர்களும் பொதுவாக ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கைகளைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்:

1. கடவுள் ஒருவரே. அவர் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூன்று ஆட்களாக இருக்கிறார். மூன்று கடவுள்கள் அல்ல, ஒரே கடவுள். இதைத் திரித்துவம் அல்லது மூவொரு கடவுள் என்பார்கள்.

2. மகனாகிய கடவுள் மரியாளிடம் மனிதனாகப் பிறந்தார். அவரே இயேசு. அவர் முழுமையான கடவுள், முழுமையான மனிதர்.

3. மனிதர்கள் பாவத்தால் கடவுளை விட்டுப் பிரிந்தார்கள். அவர்களை மீட்க இயேசு சிலுவையில் இறந்தார். பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் இது நடந்தது.

4. மூன்றாம் நாள் அவர் உயிரோடு எழுந்தார். இதுதான் ஈஸ்டர். பலரும் கிறிஸ்துமஸைத்தான் கிறிஸ்தவர்களின் முக்கிய விழா என்று நினைக்கிறார்கள். உண்மையில் உயிர்த்தெழுதல்தான் இந்த மதத்தின் மையம்.

5. அவர் மறுபடியும் வருவார். இறந்தவர்கள் எழுவார்கள். எல்லோருக்கும் நியாயத்தீர்ப்பு உண்டு.

6. ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயர்தான் திருச்சபை.

இவற்றைச் சில வரிகளில் சுருக்கி 'விசுவாசப் பிரமாணம்' என்று ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். கி.பி. 325இல் நிசேயா என்ற ஊரில் கூடிய ஆயர்கள் வகுத்து, 381இல் கான்ஸ்டாண்டினோபிளில் விரிவாக்கப்பட்ட பிரமாணம் மிக முக்கியமானது. ஆர்.சி., சி.எஸ்.ஐ. இரண்டிலும் இன்றும் அது சொல்லப்படுகிறது.

வேறுபாடுகளும் உண்டு. கத்தோலிக்க பைபிளில் 73 நூல்கள், புராட்டஸ்டண்டு பைபிளில் 66 நூல்கள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்கள் இரண்டிலும் ஒன்றே. பழைய ஏற்பாட்டில்தான் 46, 39 என்று எண்ணிக்கை மாறுகிறது. கத்தோலிக்கர்களுக்குத் திருவருட்சாதனங்கள் ஏழு. சி.எஸ்.ஐ. போன்ற சபைகள் இயேசுவே ஏற்படுத்தியவை என்று ஞானஸ்நானம், நற்கருணை இரண்டையும் தனியாக வைக்கின்றன.

தலைமை எப்படி வந்தது?

இயேசு பன்னிரண்டு சீடர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் முதன்மையானவர் பேதுரு. இயேசுவுக்குப் பிறகு சீடர்களுக்கு வந்த முதல் பெரிய பிரச்சினை மிகவும் சுவையானது. யூதர் அல்லாதவர்கள் கிறிஸ்தவர்களாக வந்தபோது, அவர்களும் யூத வழக்கப்படி விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. "வேண்டும்" என்றார்கள் சிலர். "வேண்டாம், விசுவாசம் போதும்" என்றார் பவுல். சுமார் கி.பி. 50இல் எருசலேமில் எல்லோரும் கூடி விவாதித்தார்கள். பேதுருவும் யாக்கோபும் பேசினார்கள். அந்தப் பாரத்தைப் புதியவர்கள் மேல் சுமத்த வேண்டாம் என்று முடிவானது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'எது மாற்ற முடியாத விசுவாசம், எது மாற்றக் கூடிய வழக்கம்' என்ற கேள்வி கிறிஸ்தவத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. அதைத் தீர்க்கத்தான் தலைமை தேவைப்பட்டது.

பிறகு மெல்ல மெல்ல மூன்று நிலைகள் உருவாயின. ஒரு பகுதிக்குத் தலைவர் ஆயர் (பிஷப்). அவருக்குக் கீழே குருக்கள். உதவிக்குத் திருத்தொண்டர்கள். ரோம் நகரின் ஆயர் பேதுருவின் வாரிசாகக் கருதப்பட்டார். அவரே போப். கிழக்கே இருந்த சபைகள் போப்பின் மேலான அதிகாரத்தை ஏற்கவில்லை. 1054இல் ஏற்பட்ட பிளவு அதன் அடையாளம். 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் கிளப்பிய எதிர்ப்பிலிருந்து புராட்டஸ்டண்டு சபைகள் தோன்றின. "இறுதி அதிகாரம் பைபிளுக்குத்தான், போப்புக்கு அல்ல" என்பது அவர்களுடைய வாதம்.

இந்தக் காலத்தில்தான் போர்ச்சுக்கீசியர்கள் இந்தியா வந்தார்கள்.

மதுரையில் இரண்டு சாமியார்கள்

போர்ச்சுக்கீசியர் ஆட்சி செய்த இடங்களில் ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்ச்சுக்கல் அரசனுக்குப் போப்பால் கொடுக்கப்பட்டிருந்தது. இதனால் கோவாவின் பேராயருக்குப் பெரிய செல்வாக்கு. முத்துக்குளித்துறையில் இருந்த பரதவர்கள் 1530களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே பணி செய்தார்.

அந்தக் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்காக மதுரைக்கு வந்த பரதவர்களுக்காக 1595இல் இங்கே ஒரு சிறிய கோயில் ஏற்பட்டது. அதைக் கவனித்தவர் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு. முன்னாளில் படைவீரராக இருந்தவர். ஒரு பள்ளியும் மருந்து கொடுக்கும் இடமும் நடத்தினார். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் மதுரைக்காரர் ஒருவர்கூடக் கிறிஸ்தவராகவில்லை.

1606 நவம்பரில் இத்தாலியிலிருந்து வந்த இன்னொரு குரு மதுரையில் அடியெடுத்து வைத்தார். அவர் ராபர்ட் தே நொபிலி. 1577இல் பிறந்தவர், உயர்குடிக் குடும்பம். தத்துவ போதகர் என்று தமிழில் அறியப்படுபவர் இவரே.

ஏன் யாரும் சேரவில்லை என்று அவர் யோசித்தார். பிரச்சினை 'பரங்கி' என்ற ஒரே சொல்லில் இருந்தது. மதுரை மக்களுக்குக் கிறிஸ்தவ மதம் என்றால் பரங்கியர் மதம். பரங்கியர் மாட்டிறைச்சி தின்பவர், மது குடிப்பவர், குளிக்காதவர் என்ற எண்ணம். கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்று புரிந்துகொண்டார்கள். பழைய மிஷனரிகளும் அப்படியே பேசிவந்தார்கள்.

நொபிலி தம்மைப் பிரித்துக்கொண்டார். பெர்னாண்டஸின் வீட்டை விட்டு வெளியேறி, பிராமணர் வாழ்ந்த பகுதியில் தனிக் குடிசையில் தங்கினார். காவி உடுத்தினார். நெற்றியில் சந்தனம் இட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர் அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். பிறகு 1609இல் அவரும் ஞானஸ்நானம் பெற்றார். முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவரோடு நொபிலி பல நாட்கள் தொடர்ந்து வாதம் செய்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன.

புதிதாக வந்தவர்கள் குடுமியை வெட்ட வேண்டாம், பூணூலைக் கழற்ற வேண்டாம், சந்தனத்தை அழிக்க வேண்டாம் என்றார் நொபிலி. சிலையை வணங்கக் கூடாது, ஒரே கடவுளை வணங்க வேண்டும், அவ்வளவுதான்.

வயதான பெர்னாண்டஸால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த ஒருவர் தம்மைத் தெரியாதவர் போல இருக்கிறார். கடற்கரைக் கிறிஸ்தவர்கள் ஒரு கோயிலிலும், நொபிலியின் சீடர்கள் இன்னொரு கோயிலிலும் வழிபடுகிறார்கள். 1610இல் மேலதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். 'இவர் கிறிஸ்தவத்தை இந்து மதமாக மாற்றுகிறார்' என்பது அதன் சாரம்.

பூணூல் ரோமுக்குப் போன கதை

இந்தப் புகார் சென்ற பாதையைப் பார்த்தாலே கத்தோலிக்கத் தலைமை எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

முதலில் இயேசு சபையின் உள்ளே விசாரணை நடந்தது. மலபார் மாகாணத் தலைவர் ஆல்பர்ட் லேர்சியோ நொபிலியை ஆதரித்தார். கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸும் ஆதரித்தார். கோவாவில் எதிர்ப்பு கிளம்பியது. ரோமில் இருந்த கர்தினால் பெல்லார்மின் நொபிலியின் உறவினர். கேள்விப்பட்ட செய்திகளால் முதலில் அவரும் வருந்தினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்த பிறகே மனம் மாறினார்.

1619இல் கோவாவில் பேராயர் தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. நொபிலி நேரில் போய் வாதாடினார். பெரும்பாலோர் அவருக்கு எதிராகவே பேசினார்கள்.

நொபிலியின் வாதம் இதுதான். பூணூல் ஒரு தெய்வத்தின் அடையாளமா, அல்லது ஒருவருடைய சமூகத்தின் அடையாளமா? குடுமி வழிபாடா, முடி வைத்துக்கொள்ளும் முறையா? சந்தனம் பூசையா, அலங்காரமா? வழக்கம் என்றால் அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. வழிபாடு என்றால் அதை ஏற்க யாருக்கும் உரிமையில்லை. இதை நிரூபிக்க மனுநூல் முதலிய நூல்களிலிருந்தே மேற்கோள்கள் காட்டினார்.

கோவாவில் முடிவாகாமல் விஷயம் ரோமுக்குப் போனது. 1623 ஜனவரி 31 அன்று போப் 15ஆம் கிரகோரி ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் ஆகியவற்றை, வேறு மத வழிபாட்டு நோக்கம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூணூலைக் கோயிலிலோ பூசாரியிடமோ பெற்றுக்கொள்ளாமல், கிறிஸ்தவ முறையில் அணிய வேண்டும். இதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. உயர்குலத்தில் பிறந்தோம் என்பவர்கள் தாழ்ந்தவர் எனப்படுவோரை இகழக் கூடாது, முக்கியமாகக் கோயிலில் இகழக் கூடாது என்றும் போப் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பகுதி மதுரையில் நிறைவேறியது. இரண்டாவது பகுதி அவ்வளவாக நிறைவேறவில்லை.

ஓரியூர்: விட்டுக்கொடுக்க முடியாதது

எல்லாவற்றையும் வழக்கம் என்று விட்டுவிட முடியுமா? முடியாது என்பதற்கு ஓரியூர் சாட்சி.

1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தே பிரிட்டோ, தமிழில் அருளானந்தர், மதுரை மிஷனில் பணி செய்தவர். நொபிலியைப் போலவே காவி உடுத்தி, மரக்கறி உண்டு வாழ்ந்தார். மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற அரச குடும்பத்தவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்குப் பல மனைவியர். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் பிரிட்டோ. தடியத்தேவர் ஏற்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். பிரிட்டோ கைது செய்யப்பட்டு 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் போப் 12ஆம் பயஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

உடையிலும் உணவிலும் தமிழராகவே வாழ்ந்த ஒருவர், திருமண விஷயத்தில் உயிரே போனாலும் இறங்கி வரவில்லை. திருமணம் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று, ஒருவனுக்கு ஒருத்தி என்பது அதன் விதி. அவருக்கு அது வழக்கம் அல்ல, விசுவாசம்.

சாதி: இது எந்தப் பக்கம்?

இப்போதுதான் கடினமான கேள்வி வருகிறது. பூணூல் வழக்கம். திருமணம் விசுவாசம். சாதி?

நொபிலி அதையும் சமூக வழக்கம் என்றே எடுத்துக்கொண்டார். அதன் விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. உயர்சாதியாரிடம் போகும் குரு, ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குப் போனால் உயர்சாதியார் அவரை ஏற்பதில்லை. எனவே 1640இலிருந்து 'பண்டாரசாமி' என்ற இன்னொரு வகைக் குருக்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். பல்தசார் தா கோஸ்டா முதல் பண்டாரசாமி. பிரிட்டோவும் பண்டாரசாமியாகவே பணி செய்தார். இவர்கள் எல்லாச் சாதியாரிடமும் பழக முடிந்தது. மதம் மாறியவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்கள் மூலமாக வந்த சாதாரண மக்களே.

போப்பின் பிரதிநிதியாகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் கடுமையான ஆணை ஒன்றை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கட்டக் கூடாது. ஒடுக்கப்பட்ட மக்கள் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே போய் அருட்சாதனங்களைக் கொடுக்க வேண்டும். இப்படிப் பல. 40 ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744இல் போப் 14ஆம் பெனடிக்ட் அந்த ஆணையைப் பெரும்பாலும் உறுதி செய்தார். ஆனால் ஒடுக்கப்பட்டோருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையையும் ஏற்றார். அதாவது வீட்டுக்குப் போக வேண்டும் என்ற கட்டளை நின்றது, பிரிவினையும் நின்றது. இந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாக மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் 1940இல்தான் நீக்கப்பட்டது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நடுவே சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டது. "எங்கள் வழக்கம் போயிற்று" என்று ஒரு தரப்பினர் நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. 1623இல் பூணூலைக் காப்பாற்றிய அதே 'வழக்கம்' என்ற சொல், 1910இல் சுவரைக் காப்பாற்றக் கையில் எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயர் இல்லாத சபை

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். இதுவே அமெரிக்கன் மதுரை மிஷன். திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, மேலூர் என்று இதன் நிலையங்கள் பரவின. 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பிறகு மதுரை நகருக்கு மாறி இன்றைய அமெரிக்கன் கல்லூரியாக இருக்கிறது.

இவர்கள் கொங்கிரிகேஷனல் என்ற பிரிவினர். இவர்களுக்குப் போப் இல்லை, பிஷப்பும் இல்லை. ஒவ்வொரு ஊர்ச் சபையும் தானே கூடி முடிவெடுக்கும். பைபிளே அதிகாரம்.

சாதி விஷயத்தில் இவர்கள் வேறு பதில் சொன்னார்கள். 'சாதி வழக்கம் அல்ல, பாவம்' என்றார்கள். 1847இல் சாதியை முழுவதும் விட வேண்டும் என்று கண்டிப்பாக அறிவித்தார்கள். மறுத்த உபதேசியார்கள் பலரும் சபை உறுப்பினர்களும் விலக்கி வைக்கப்பட்டார்கள். பசுமலை செமினரியிலிருந்து மாணவர்கள் வெளியேறினார்கள். மிஷனுக்கு இது பெரிய அடி. இருந்தாலும் விதியை மாற்றவில்லை.

அதனால் சாதி போய்விட்டதா? போகவில்லை. சபைத் தேர்தலிலும் கல்யாணப் பேச்சிலும் கல்லறையிலும் அது இன்றும் எட்டிப் பார்க்கிறது என்று கிறிஸ்தவர்களே எழுதுகிறார்கள். போப் ஆணையிட்டும் போகவில்லை, சபை விலக்கியும் போகவில்லை. தலைமைக்கு விதி எழுத முடியும். மனத்தை மாற்றுவது வேறு வேலை.

1947: இரண்டு முறைகளும் சேர்ந்த கதை

ஒரே ஊரில் இத்தனை மிஷன்கள் தனித்தனியாக இருப்பது சரியா என்ற கேள்வி இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு எழுந்தது. 1919இல் தரங்கம்பாடியில் ஒரு கூட்டம் நடந்தது. ஆங்கிலிக்கன் சபைக்கு ஆயர்கள் உண்டு. கொங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு இல்லை. ஆயர் வேண்டுமா வேண்டாமா என்பதே பெரிய தடை. 28 ஆண்டுகள் பேச்சு நடந்தது!

கடைசியில் நாடு விடுதலை பெற்ற அடுத்த மாதமே, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆயர் உண்டு, ஆனால் அவர் தனியாக ஆள முடியாது. குருமாரும் சபை மக்களும் சேர்ந்த பேரவையோடு இணைந்தே நடக்க வேண்டும். மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். ஆயர்களே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிட்டேரியன் சபையிலிருந்து வந்தவர். தாமே ஆயரானபோது அவருக்கு வயது 37.

இன்று யார் தலைவர்?

கத்தோலிக்கர்களுக்கு உலகம் முழுவதும் ஒரே தலைவர் போப். 80 வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள் இரகசிய வாக்கெடுப்பில், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2025 ஏப்ரல் 21 அன்று போப் பிரான்சிஸ் மறைந்த பிறகு, மே 8 அன்று 14ஆம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்த முதல் போப் இவர்தான். அவருக்குக் கீழே பேராயர், ஆயர், பங்குத்தந்தை என்று வரிசை இறங்கும். ஆயர்களைப் போப் நியமிக்கிறார். 75 வயதில் அவர்கள் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டும். மதுரை 1938இல் மறைமாவட்டமானது, 1953இல் உயர்மறைமாவட்டமானது. முதல் ஆயரும் முதல் பேராயரும் ஜான் பீட்டர் லியோனார்டு.

சி.எஸ்.ஐ.யில் திருமண்டலப் பேரவை வாக்களித்துச் சிலரின் பெயர்களை அனுப்பும். அவர்களில் ஒருவரைச் சினாடு பேராயராகத் தேர்ந்தெடுக்கும். பேராயர்களுக்கெல்லாம் தலைமை வகிப்பவர் பிரதமப் பேராயர் (மாடரேட்டர்). அவரும் தேர்தலில் வருகிறவர்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் குருவாக முடியாது. சி.எஸ்.ஐ.யில் முடியும். 2013இல் புஷ்ப லலிதா அதன் முதல் பெண் பேராயரானார்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கத்தோலிக்கர் 'ஆயர்' என்றால் பிஷப், 'பேராயர்' என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் 'ஆயர்' என்றால் சபையின் பாஸ்டர், 'பேராயர்' என்றால் பிஷப். செய்தித்தாளில் "பேராயர் வருகை" என்று பார்த்தால் எந்தச் சபை என்று முதலில் பார்க்க வேண்டும்!

முடிவாக

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், பூசையை மக்களின் தாய்மொழியில் நடத்த வழி திறந்தது. இன்று மதுரை கீழவெளி வீதியில் உள்ள தூய மரியன்னை பேராலயத்தில் பூசை தமிழில் நடக்கிறது. கோயில் கொடிமரத்தில் கொடியேறுகிறது. குத்துவிளக்கு எரிகிறது. இவற்றைப் பார்த்து இன்று யாரும் ரோமுக்குப் புகார் எழுதுவதில்லை. நொபிலி வாதாடி வென்றது வீண்போகவில்லை.

அதே சமயம் பெர்னாண்டஸையும் மறக்கக் கூடாது. 'ஒரே ஊரில் கிறிஸ்தவர்களுக்கு ஏன் இரண்டு கோயில்?' என்ற அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. அவர் பூணூலைப் பற்றி எழுதிய புகாருக்கு ரோம் 13 ஆண்டுகளில் பதில் சொல்லிவிட்டது. சேர்ந்து உட்கார்வதைப் பற்றிய கேள்விக்கு 400 ஆண்டுகள் ஆகியும் பதில் முழுமையாக வரவில்லை.

கிறிஸ்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகளில் ஆறாவது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் என்பது. சொல்வதற்கு அது மிகச் சுலபமானது. மதுரையின் வரலாற்றைப் பார்த்தால் கடைப்பிடிப்பதற்கு அதுவே மிகக் கடினமானது. அதற்குப் போப்போ, சினாடோ, உயர் நீதிமன்றமோ மட்டும் போதாது. மேலூரிலும் மற்ற ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் யாரோடு உட்காருகிறார்கள், யார் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் அதற்கான பதில் இருக்கிறது.